வெளித் தாழ்ப்பாள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்கேலும் அளவு நாடாவும் கட்டாயம் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்துவிடுவாள். வீடுகளுக்கும் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கும் வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. வரைவது அவள். அதற்கு எத்தனை செங்கல், எத்தனை கதவு, எத்தனை கீல் என்று கணக்குப் போடுவது நான். அதனால் அவள் ஒரு கோடு இழுத்தால் வயிறு எரிவது எனக்குத்தான்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம், எடுத்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது. பேருந்தில் அவள் காலை மிதித்தவனிடம் இவள் மன்னிப்புக் கேட்பாள். மழை வந்து என் துணி நனைந்தால், 'சாரிடி' என்பாள், மேகத்தை இவள்தான் கயிறு கட்டி இழுத்து வந்தது போல. ஜன்னலோர இருக்கையில் உட்கார மாட்டாள். டீயோடு பிஸ்கட் வந்தால் உடைந்ததைத் தேடி எடுப்பாள். எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எரிச்சல். யாரிடமோ பட்ட கடனை ஊர் முழுக்கத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு திரிகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். வெளியே கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அப்போதுதான் அந்த வீட்டு வேலை வந்தது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள எட்டுப் பெரியவர்கள் சேர்ந்து வாழ ஒரு வீடு. ஆளுக்கொரு அறை, வேண்டும்போது கைகொடுக்கப் பணியாளர்கள். 'விடுதி மாதிரி இருக்கக்கூடாது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கவே கூடாது' என்று அறக்கட்டளைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் முதலாளி தலையை ஆட்டினார். அக்கா அன்றைக்கே பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிட்டாள்.

இந்த மாதிரிக் கட்டடத்துக்கு என்று சில விஷயங்கள் உண்டு. விளக்கு மினுக்கக்கூடாது, நம் கண்ணுக்கே தெரியாத மினுக்கல் அவர்களில் சிலரை ஊசியாகக் குத்தும். நடைவழி திரும்பும் இடத்தில் சுவர்முனை மழுங்கியிருக்க வேண்டும், எதிரே வருகிறவர் திடீரென்று முளைத்து நிற்காதபடி. துணி துவைக்கும் இயந்திரம் படுக்கையறைச் சுவரை ஒட்டி வரக்கூடாது. சாப்பாட்டு அறையில் பெரிய மேசையோடு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட ஒரு சின்ன மேசையும் வேண்டும். எனக்கே அப்படி ஒரு மேசை வேண்டும்தான், எங்கள் வீட்டில் யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

அக்கா இதோடு நிற்கவில்லை. பொது அறைக்கு இரண்டு வாசல் வைத்தாள். சாப்பாட்டு அறைக்கு இரண்டு. தோட்டத்துக்கு மூன்று. 'ஒருத்தரைப் பிடிக்காம எழுந்து போகணும்னா, அவரைத் தாண்டித்தான் போகணும்னு இருக்கக்கூடாதுல்ல' என்றாள். முதலாளி வரைபடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, 'இது வீடாம்மா, சல்லடையா?' என்று கேட்டார். கீல் கடைக்காரர் தன் பெண்ணை இவளை நம்பித்தான் மேல்படிப்புக்கு அனுப்புகிறார் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஒரு வாசலைக்கூடக் குறைக்கவில்லை.

படுக்கையறைக் கதவுக்கு மட்டும் தனியாக ஒரு தாள் முழுக்க வரைந்தாள். உள்ளே இருப்பவர் வேண்டுமானால் பூட்டிக்கொள்ளலாம். அவசரம் என்றால் பணியாளர் வெளியே இருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கலாம். வெளிப்பக்கத்தில் அதைத் தவிர ஒரு கைப்பிடி, மற்றபடி வழவழவென்று மரம். இதில் என்ன இவ்வளவு யோசிக்க இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வரைபடத்தைப் பெற்றோர்களிடம் காட்ட ஒரு கூட்டம் போட்டார்கள். லாரி ஓட்டும் ஓர் அப்பா, கைகட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கதவுத் தாளுக்கு வந்தார்.

'மேடம், வெளியில தாழ்ப்பாள் எங்க?'

'வெளியில தாழ்ப்பாள் கிடையாதுங்க.'

'கிடையாதுன்னா எப்படி? என் பையன் எழுந்து ரோட்டுக்குப் போயிட்டா யார் பதில் சொல்றது?'

'வாசக்கதவுல மணி இருக்கு, எப்பவும் ஆள் இருக்காங்க. ஆனா அவர் ரூம் கதவை யாரும் வெளியில இருந்து அடைக்க முடியாதுங்க. அது அவரோட ரூம்.'

'நல்லாத்தான் பேசறீங்க. உங்க வீட்ல இப்படி ஒரு பிள்ளை இருந்தா இந்தப் பேச்சு வராது.'

அக்கா வரைபடத்தைச் சுருட்டினாள். 'மன்னிச்சிடுங்க' என்றாள். ஆனால் தாழ்ப்பாள் போடுகிறேன் என்று சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்டு, விட்டும் கொடுக்காமல் அவள் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

பேருந்து நிறுத்தத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. 'அந்த ஆளுக்கு நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கறதுக்கு என்னக்கா? வாயில என்ன கொழுக்கட்டையா?'

'அவர் கடைசியாச் சொன்னதுதான் தப்பு' என்றாள். 'எங்க வீட்ல ஒருத்தன் இருக்கான். அவன் கதவுல வெளித் தாழ்ப்பாளும் இருக்கு. நான்தான் போட்டேன்.'

அவளுக்கு அடுத்துப் பிறந்தவன். வீட்டில் தம்பி என்று கூப்பிட்டதைத் தெருவே பிடித்துக்கொண்டது. அவனைவிடச் சின்னப் பிள்ளைகளும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்களாம். முன்நெற்றி ஏறிய பிறகும் அவன் தம்பிதான். பேச்சு அதிகம் கிடையாது. துணிக் கவ்விகளை நிறம் பார்த்து வரிசை வைப்பான். கையில் காகிதம் கிடைத்தால் ஒரே அகலத்தில் நாடா நாடாவாகக் கிழிப்பான். அக்கா படிப்பை முடிக்கும் தறுவாயில், ஒப்படைக்க வேண்டிய வரைபடங்களை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால் அத்தனையும் நாடா. அளந்து பார்த்தாளாம். ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசம் இல்லை.

'அடிச்சீங்களா?' என்றேன்.

'அடிக்கலை. ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.'

இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கிவந்து, அப்பாவின் திருப்புளியை எடுத்து, அவன் அறைக் கதவின் வெளிப்பக்கம் தானே முடுக்கியிருக்கிறாள். 'ஒரு வாரத்துக்குத்தாம்மா, திரும்ப வரைஞ்சு குடுக்கற வரைக்கும்' என்று அம்மாவிடம் சொன்னாளாம். வரைந்து கொடுத்தாள், பரிசும் வாங்கினாள். தாழ்ப்பாளைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை. அம்மா கடைக்குப் போகும்போது அது சௌகரியமாக இருந்தது. அடுப்பில் எண்ணெய் காயும்போது சௌகரியமாக இருந்தது. விருந்தாளி வந்தால் ரொம்பச் சௌகரியம். பிறகு அப்பா போனார், அக்காவுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது, அவள் கிளம்பினாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முதலில் அந்தத் தாழ்ப்பாள்தான் கண்ணில் படுமாம். பார்த்துவிட்டுப் பெட்டியை வைப்பாளாம். 'இந்தத் தடவை கழட்டிடணும்னு நினைப்பேன். கழட்டிட்டு நான் ஊருக்குப் போயிடுவேன், அம்மா தனியா என்ன பண்ணுவாங்க? அப்படியே விட்டுருவேன்.'

எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. எட்டுப் பேர் கதவுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவள், கூடப் பிறந்தவன் கதவை அப்படியே விட்டுவைத்திருக்கிறாளே என்று. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கையை வைத்தபோதுதான், அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தோன்றியது. நானும் போட்டிருப்பேன். இன்னும் பெரிதாகப் பார்த்து வாங்கியிருப்பேன்.

வீடு எழும்பி வண்ணம் பூசும் சமயத்தில் அக்காவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எழுந்து நடக்க ஆரம்பித்தாலும் கைத்தடிதான், இனி தம்பியை அவரால் பார்த்துக்கொள்ள முடியாது. அக்கா இருந்ததோ வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. எட்டாவது அறைக்கு வர இருந்தவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்று தெரிந்ததும் முதலாளி இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அறக்கட்டளைக்காரர்களிடம் பேசிவிட்டார். சில வாரங்கள் இருந்து பார்க்கட்டும், ஒத்துவந்தால் நிரந்தரமாகத் தங்கட்டும் என்றார்கள். அக்கா நன்றி சொல்லவில்லை, அழுதாள். வேறு யாருக்கோ போக வேண்டிய அறையைத் தட்டிப் பறித்துவிட்டேன் என்று அதற்கும் ஓர் அழுகை. முதலாளி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். அழுகையைக் கண்டால் அவருக்கு மூச்சு முட்டும்.

ஒத்துவராவிட்டால் என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய காப்பகம் இருக்கிறது. கூரை பழுதுபார்க்க அதை நாங்கள் இருவரும் ஒருமுறை அளந்திருக்கிறோம். நீளக் கூடம், வரிசையாகக் கட்டில்கள், கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் இன்னொரு கம்பிக் கதவு. அளந்து முடிக்கும் வரை ஒருவர் அக்காவின் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டே கூட வந்தார். கிளம்பும்போது அவர் விரலைப் பிரித்து நாடாவை எடுக்க வேண்டியிருந்தது.

தம்பி வந்தான். கவ்விப் பெட்டியை அணைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினான், எட்டாவது அறைக்குள் போனான், கதவைச் சாத்திக்கொண்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனாக வெளியே வரவே இல்லை.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். சாத்திய கதவை யாரும் திறக்கக்கூடாது. தட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் அது அவர் விருப்பம். நல்ல பழக்கம், குறை சொல்ல முடியாது. பணியாளர்கள் தட்டினார்கள். காத்திருந்தார்கள். தம்பி வரவில்லை. அறையோடு கழிப்பறையும் இருந்தது, அக்கா அடம்பிடித்து வரைந்ததுதான், அதனால் அவன் வெளியே வந்தே ஆக வேண்டிய அவசியமும் இல்லை. கடைசியில் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் கதவு பூட்டியே இருக்காது. உள்ளே கட்டில் விளிம்பில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

'அவருக்குத் தனிமை பிடிச்சிருக்கு, நாங்க மதிக்கிறோம்' என்றார் வீட்டின் பொறுப்பாளர். உயரமான பெண்மணி, யாரையும் அதட்டத் தெரியாதவர். கொஞ்ச நாள் போனதும் அவர் குரல் மாறியது. 'இது சேர்ந்து வாழற வீடுங்க. அவர் ஒரு தடவைகூடத் தானா வெளியில வரலைன்னா, இந்த இடம் அவருக்குப் பிடிக்கலைன்னுதான் நான் எடுத்துக்கணும்.'

அக்கா சுவரில் குற்றம் தேடினாள். நிறம் உறுத்துகிறதோ என்று மாற்றிப் பூசச் சொன்னாள். திரையைக் கனமாக்கினாள், பிறகு மெல்லிசாக்கினாள். விளக்கை மாற்றினாள். மின்விசிறியின் சத்தத்தைக் கேட்க அறையின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். 'ஜன்னல் பெருசாப் போச்சோடி?' என்று என்னைக் கேட்டாள். 'எல்லாருக்கும் சரியா வரைஞ்சுட்டு இவனுக்கு மட்டும் தப்பா வரைஞ்சிருக்கேன் பாரு.' மற்ற ஏழு பேரும் தோட்டத்துக்கும் சமையலறைக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள். லாரிக்காரரின் மகன் மூன்று வாசலையும் மாற்றி மாற்றித் திறந்து மூடுவதையே வேலையாக வைத்திருந்தான்.

பொறுப்பாளர் முடிவு சொல்ல வேண்டிய நாள் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்கிறேன் என்றார். அன்றுதான் அக்காவின் அம்மா முதல்முறையாக அங்கே வந்தார். ஒரு பக்கம் கைத்தடி, இன்னொரு பக்கம் என் தோள், முழங்கையில் ஒரு பை. நாங்கள் நடைவழியில் வந்தபோது ஒரு பணியாளர் எட்டாவது அறைக் கதவைத் தட்டிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். 'எதுக்குத் தட்டிட்டே நிக்கறீங்க? தாழ்ப்பாளைத் தள்ளுங்க.'

'தாழ்ப்பாள் இல்லைங்கம்மா' என்றார் பொறுப்பாளர்.

'இல்லையா? அப்ப அவன் எப்படி வருவான்?'

யாருக்கும் புரியவில்லை. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். துடைப்பம் வைக்கும் அலமாரி பக்கத்தில் இருந்தது, அதில் ஒரு சின்ன இரும்புத் தாழ்ப்பாள். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதைப் பிடித்து இழுத்தார். கடக் என்றது. எட்டாவது அறைக் கதவு உடனே திறந்தது. தம்பி வெளியே வந்தான், அம்மாவைப் பார்த்துச் சிரித்தான், அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெறுத்து உட்கார்ந்திருக்கவில்லை அவன். இத்தனை நாளும் யாராவது திறந்துவிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறான்.

பொறுப்பாளருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. 'இவ்வளவுதானா? ஒரு தாழ்ப்பாள் மாட்டிட்டாப் போச்சு. பூட்ட வேண்டாம், சத்தத்துக்கு மட்டும். சாப்பாட்டு நேரத்துல இழுத்தா வந்துடுவார். இன்னைக்கே நான் சரின்னு சொல்லிடறேன்.'

'வேண்டாம்' என்றாள் அக்கா.

'ஏன்டி வேண்டாம்?' அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 'அவனை அந்தக் கம்பிக் கதவுக்குள்ள விடப் போறியா? போடச் சொல்லு. நீ போட்டதுதானே?'

நடைவழியில் நின்ற எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். இதற்கு மட்டும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

'நான் போட்டதுதாம்மா. நானும் ஒரு வாரத்துக்குன்னுதான் போட்டேன். இவங்களும் சத்தத்துக்குன்னு போடுவாங்க. ஒரு நாள் ஆள் வராம இருக்கும், ஒருத்தர் அவசரத்துல பூட்டுவார். அப்புறம் எல்லாருக்கும் சௌகரியமாயிடும்.' பொறுப்பாளர் பக்கம் திரும்பினாள். 'சாப்பாடு வரைக்கும் டைம் குடுங்க. யாரும் தட்டாதீங்க. அந்த அலமாரியையும் தொடாதீங்க.' தம்பியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

நானும் அம்மாவும் நடைவழிப் பலகையில் உட்கார்ந்தோம். உள்ளே அவள் குரல் கேட்டது. 'உன் கதவுடா. நீயே திறக்கலாம். யாரும் வர மாட்டாங்க.' திரும்பத் திரும்ப அதையே சொன்னாள், பிறகு அதுவும் நின்றது. சாப்பாட்டு அறையில் தட்டு வைக்கும் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம், குழம்பு வாசனை. ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிச் சாப்பிடப் போனார்கள்.

'நான் ஒருத்தியா என்னம்மா பண்ணுவேன்?' என்றார் அம்மா என்னிடம். 'தாழ்ப்பாளைத் தள்ளுவேன் பாரு, அப்பதான் அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே சில நாள் ரெண்டு தடவை பூட்டித் திறந்திருக்கேன்.' அவர் பார்வை அலமாரிக்கே போய்ப் போய் வந்தது. ஒருமுறை எழுந்தே விட்டார், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கே கை துறுதுறுத்தது. ஒரே ஒரு இழுப்பு, எல்லாம் சரியாகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது? பொறுப்பாளர் சாப்பாட்டு அறை வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்தார். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கப் போகிறார்கள் என்று அந்த முகமே சொன்னது.

எட்டாவது அறையின் கைப்பிடி கீழே இறங்கியது. மேலே போனது. மறுபடி இறங்கியது.

கதவைத் திறந்து தம்பி தலையை நீட்டினான். நடைவழியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். ஒரு கால் வைத்தான், இன்னொரு கால் வைத்தான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் அவன் திரும்பினான். அக்கா உள்ளே இருக்கும்போதே கதவை இழுத்து, சத்தம் வராமல் பொறுமையாகச் சாத்தினான். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி மரத்தில் வைத்தான். மேலே தடவினான், கீழே தடவினான், கைப்பிடி வரை போய்த் திரும்பவும் மேலே வந்தான். அவன் தேடுவது தாழ்ப்பாளை என்று எனக்குப் புரிந்தது. மரம் வழவழவென்று இருந்தது. கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனான். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தான். பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டை எடுக்க ஓடினார்.

நான் கதவைத் திறந்தேன். அக்கா கட்டில் விளிம்பில், அவன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். 'வந்துட்டான்க்கா! சாப்பிட உக்காந்துட்டான்! இங்கயே இருக்கலாம்க்கா!' என்று கத்தினேன்.

'தேடினானா?' என்றாள்.

'என்னத்தை?'

'நடிக்காதடி. கை மரத்துல உரசினது எனக்குக் கேட்டுச்சு.'

'தேடினான்' என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

'கதவைச் சாத்தினா அடுத்து அதைத்தான் பண்ணணும்னு நாங்க அவனுக்குக் காட்டியிருக்கோம். தாழ்ப்பாள் இல்லைன்னதும் அவன் விட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டான். நான் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தேன்டி.'